புதுப் பொருளை ஒருவர் ஏற்கிறார், இன்னொருவர் மறுக்கிறார்: விழுமியங்களும் பண்பாடும் செய்யும் வேலை

1950-இல் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடனடிக் காபித்தூள் அப்போது பல வீடுகளுக்குப் புதிது. வாங்காதவர்களிடம் காரணம் கேட்டால் ‘சுவை பிடிக்கவில்லை’ என்றார்கள். ஹேருக்கு அந்தப் பதிலில் ஐயம் இருந்தது. அதனால் நேரடியாகக் கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். ஒன்றரை பவுண்டு கொத்துக்கறி, இரண்டு ரொட்டி, ஒரு கட்டு கேரட், பேக்கிங் பவுடர் ஒரு டப்பா, பீச் பழம் இரண்டு டின், உருளைக்கிழங்கு ஐந்து பவுண்டு. இவை இரண்டு பட்டியலிலும் உண்டு. வேறுபாடு ஒரே வரியில்தான்: ஒன்றில் நெஸ்கஃபே உடனடிக் காபி, மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள், அதாவது வடித்துப் போடுவது.

ஐம்பது பெண்களிடம் முதல் பட்டியலையும் வேறு ஐம்பது பெண்களிடம் இரண்டாவதையும் கொடுத்து, ‘இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று சொல்லுங்கள்’ என்று கேட்டார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் 48 சதவீதத்தினர் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றார்கள். மற்றப் பட்டியலைப் பார்த்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம்.

ஆக, தடை நாக்கில் மட்டும் இல்லை. குடும்பத்துக்காகச் சிரமப்படுவதுதான் நல்ல இல்லத்தரசிக்கு அடையாளம் என்ற எண்ணத்தோடு அந்தத் தூள் மோதியது. வாய் சொன்ன காரணம் சுவை, மனம் வைத்திருந்த காரணம் மானம். நம் ஊரில் பாக்கெட் இட்லி மாவு வாங்கும் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசப்படுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: புதுப் பொருளை ஒருவர் மறுத்தால், பெரும்பாலும் அவர் எதையோ காப்பாற்றுகிறார். அது எது என்று தெரியாமல் விலையைக் குறைத்தாலும் விளம்பரத்தைக் கூட்டினாலும் பயன் குறைவு.

விழுமியம், பண்பாடு: இரண்டும் எங்கே நிற்கின்றன?

‘எனக்குக் காரம் பிடிக்கும்’ என்பது விருப்பம். ‘வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது’ என்பது விழுமியம். விருப்பம் ஒரு பொருளோடு ஒட்டியது. விழுமியமோ, வாழ்க்கையில் எது முக்கியம் என்ற தீர்மானம். அது எல்லாப் பொருள்களின் மேலும் விழும்.

ஷலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் பல நாடுகளில் ஆய்வு செய்து, 1992-இல் பத்து அடிப்படை விழுமியங்களை வகுத்தார். அவற்றை இரண்டு அச்சுகளாக அறிந்தால் நமக்குப் போதும். சுயமாக முடிவெடுப்பதும் புதுக் கிளர்ச்சியைத் தேடுவதும் மாற்றத்துக்குத் திறந்த பக்கம். பாதுகாப்பு, ஊரோடு ஒத்துப்போதல், மரபு ஆகியவை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். குறுக்கே இன்னோர் அச்சு ஓடுகிறது: ஒரு முனையில் சாதனையும் அதிகாரமும், மறுமுனையில் பிறர்நலமும் உலகநலமும். ஷ்வார்ட்ஸ் இவற்றை வட்டமாக வரைந்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று துணை, எதிரில் இருப்பவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கும். பாதுகாப்பைப் பெரிதாக நினைக்கும் ஒருவர் அதே கணத்தில் புதுக் கிளர்ச்சியையும் அதே அளவுக்குத் தேடுவது அரிது.

எல்லாருக்குள்ளும் பத்தும் இருக்கின்றன, வரிசைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த வரிசையில் எதை மேலே வைத்தால் மெச்சுவார்கள், எதை மேலே வைத்தால் முகம் சுளிப்பார்கள் என்று ஊரும் உறவும் நமக்குக் கற்றுக்கொடுத்திருப்பதே பண்பாடு. ஹேரின் ஆய்வில் அந்தப் பெண்கள் காபியை மதிப்பிடவில்லை, காபி வாங்கியவளை மதிப்பிட்டார்கள். பண்பாடு பெரும்பாலும் இந்த வழியில்தான், மற்றவர் பார்வையாக, கடைக்குள் வருகிறது.

கொதிக்கவைத்த தண்ணீரும் சூடான பாலும்

புதுமைகள் பரவும் விதத்தைப் பற்றி எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை. ஒரு புதுமை வேகமாகப் பரவுமா என்பதை ஐந்து குணங்கள் தீர்மானிக்கும் என்றார் அவர்: பழையதைவிடக் கூடுதல் பயன், வாழ்க்கைமுறையோடு பொருத்தம், எளிமை, சிறிதளவில் சோதித்துப் பார்க்கும் வசதி, பலன் பிறர் கண்ணில் படுவது. மற்ற நான்கையும் பொறியாளர்கள் ஓரளவு கவனித்துக்கொள்வார்கள். இரண்டாவதான பொருத்தத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

அதற்கு அவர் எடுத்துக்காட்டும் நிகழ்வு பெரு நாட்டின் லாஸ் மோலினாஸ் கிராமத்தில் நடந்தது. அங்கே சுமார் 200 குடும்பங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் வீடுவீடாகப் போனார். கடைசியில் மாறியவை 11 குடும்பங்கள் மட்டுமே. அந்த ஊர் நம்பிக்கையில் உணவுகளுக்குச் சூடு, குளிர்ச்சி என்ற இயல்பு உண்டு. நோயாளிகள் மிகுந்த குளிர்ச்சியானதை விலக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் மிகக் குளிர்ச்சி, ஆகவே காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. நலமாக இருப்பவர் அதைக் குடித்தால், தன்னை நோயாளி என்று ஊருக்கு அறிவிப்பது போலாகிவிடும். கிருமியைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் இந்தத் தடை அசையாது, ஏனென்றால் தடை அறிவில் இல்லை. உடம்புக்குச் சூடு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாள்தோறும் பேசும் நமக்கு அந்த ஊர்க்காரர்களைப் புரிந்துகொள்வது எளிது.

கெல்லாக்ஸ் நிறுவனம் 1994-இல் இந்தியாவுக்கு வந்தபோது கண்டதும் இதே வகைதான். சோள அவலைக் குளிர்ந்த பாலில் போட்டு, மொறுமொறுப்பு போகும் முன் சாப்பிட வேண்டும். அந்த அவலின் வடிவமைப்பே அதற்கானது. இங்கேயோ பாலைக் காய்ச்சாமல் யாரும் தொடுவதில்லை. பாதுகாப்புக்காகத் தொடங்கிய பழக்கம், காலப்போக்கில் ‘பால் என்றால் சூடாக இருக்க வேண்டும்’ என்ற உணர்வாகவே நிலைத்துவிட்டது. சூடான பாலில் விழுந்த அவல் சீக்கிரமே கூழானது. ஆறிய பாலும் இனிப்பும் காலைச் சாப்பாடாக முடியும் என்பதே பல வீடுகளுக்கு ஏற்பில்லை. பொருள் தரத்தில் குறையே இல்லை, அது பிறந்த சமையலறை மட்டும் வேறு.

1983-இல் இந்தியாவுக்கு வந்த மேகி நூடுல்ஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது சோற்றையும் சப்பாத்தியையும் எதிர்த்து நிற்கவில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் என்ன கொடுப்பது என்ற, அவ்வளவாக மரபுக் காவல் இல்லாத நேரத்தைப் பிடித்தது. சுவை மசாலாவாக இருந்தது, அடுப்பில் வைத்துச் சூடாகத் தரும் வேலை அம்மாவிடமே இருந்தது. 1996-இல் வந்த மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் விலக்கி, சைவத்துக்குத் தனிச் சமையல் பகுதியே ஒதுக்கியதும் இதே கணக்கில்தான்.

கோவை கிரைண்டர் சொல்லும் பாடம்

பொருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லில் குழி அப்படியே நிற்கும், கை குழவியைச் சுழற்றும். கோவையில் உருவான ஈர மாவு கிரைண்டர் இதைத் தலைகீழாக்கியது: மோட்டார் பாத்திரத்தைச் சுழற்ற, குழவி நிலையாக நிற்கிறது. கையின் வேலை முழுக்கப் போய்விட்டது. ஆனால் கல் போகவில்லை. கருங்கல்லில் அரைபட்டால்தான் மாவு, அதில்தான் இட்லி மெத்தென்று வரும் என்ற உறுதியை அந்த இயந்திரம் தொடவே இல்லை.

அந்த உறுதி வெறும் பழமைப்பற்றும் அல்ல. மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுழல்வதால் மாவு சூடேறுகிறது. கல் மெதுவாக நசுக்குவதால் சூடு குறைவு, உளுந்து நன்றாகப் பொங்கி வரும். பல மரபுகளுக்குள் இப்படி ஒரு செய்முறை அறிவு ஒளிந்திருக்கும். புதுப் பொருள் செய்கிறவர் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால், தன் பொருளின் குறையையே பார்க்கத் தவறிவிடுவார். மிக்ஸி இட்லி மாவில் தோற்ற இடத்தை விட்டு, சட்னிக்கும் பொடிக்கும் போய் அங்கே வென்றது. இன்று பல வீடுகளில் இரண்டும் இருக்கின்றன.

ஷாம்பூவும் இப்படித்தான் நுழைந்தது. கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷே பாக்கெட்டில் விற்றபோது, முழு பாட்டில் வாங்கும் துணிச்சல் தேவைப்படாமல் போனது. ஒரு தலைமுழுக்குக்கு மட்டும் சோதித்துப் பார்க்கலாம், எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் அப்படியே இருக்கலாம். மரபைக் கைவிடச் சொல்லாமல் அதன் பக்கத்தில் ஓர் இடம் கேட்கும் பொருளுக்கு எதிர்ப்பு குறைவு.

மரபு மட்டுமே தடை அல்ல

புதுமையை மறுப்பவர் பழமைவாதி என்று முடிவுகட்டுவது அவசரம். டாட்டா நானோ கார் 2008 ஜனவரியில் ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்று அறிவிக்கப்பட்டது. குஜராத்தின் சாணந்த் தொழிற்சாலை ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்களுக்காகக் கட்டப்பட்டது. எந்த ஆண்டிலும் விற்பனை அதன் பாதியைத் தொடவில்லை, 2018-இல் உற்பத்தி ஏறத்தாழ நின்றுபோனது. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து தொழிற்சாலை இடம் மாறிய தாமதம், சில கார்கள் தீப்பிடித்த செய்தி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கார் வாங்குவது இந்தியாவில் முன்னேற்றத்தின் அறிவிப்பு. இருசக்கர வண்டியிலிருந்து மேலே ஏறுகிற குடும்பம், வாசலில் ‘மிக மலிவானதை’ நிறுத்த விரும்பவில்லை. மலிவு என்ற அடையாளம் தவறாகிவிட்டது என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். இங்கே மோதியது சாதனை என்ற விழுமியத்தோடு.

பாதுகாப்பு விழுமியம் தடையாக நின்ற இடத்தில் ஒரு சின்ன மாற்றம் எப்படிக் கதவைத் திறக்கிறது என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. முகம் தெரியாத இணையக் கடைக்கு முன்பணம் தர மக்கள் தயங்கினார்கள். ஃபிளிப்கார்ட் 2010-இல் ‘பொருள் கைக்கு வந்ததும் பணம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பயத்தைப் போக்க விளக்கம் சொல்லவில்லை, இழக்க ஒன்றும் இல்லாதபடி வரிசையை மாற்றியது. கடைகளில் க்யூஆர் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிப்பெட்டியும் அந்த வகை. பணம் வந்துவிட்டதா என்ற சந்தேகம், ‘பெறப்பட்டது’ என்ற குரல் கேட்டதும் தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு விழுமியம் ‘நம்மவர் பொருள்’ என்ற பற்று. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அந்தக் கப்பலில் ஏறுவது பயணச்சீட்டுக் கணக்கைத் தாண்டிய செயலாக இருந்தது. இந்தப் பற்றை அளக்க ஷிம்ப், ஷர்மா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987-இல் 17 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். இந்தப் பற்று மிகுந்தவர் வெளிநாட்டுப் புதுமையை மட்டும் அல்ல, பொதுவாகவே புதுமையைச் சற்றுத் தயக்கத்தோடு பார்ப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

நாட்டுக்கு நாடு: எண்கள் என்ன சொல்கின்றன?

ஹெர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிடும் அளவுகோல்களை உருவாக்கினார். அவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு: தனிமனிதப் போக்கு, நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கு. பின்னதில் எண் கூடக் கூடத் தவிர்க்கும் போக்கும் கூடுதல்: கிரீஸ் 112, ஜப்பான் 92, இந்தியா 40, டென்மார்க் 23, சிங்கப்பூர் 8.

ஸ்டீன்காம்ப் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 11 நாடுகளில் 3,283 நுகர்வோரிடம் எடுத்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு, தனி ஆளின் விழுமியம், நாட்டின் பண்பாடு என்ற இரண்டு அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்தது. பாதுகாப்பு, மரபு பக்கம் சாய்ந்தவர்களிடமும் கடந்த காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்களிடமும் புதுமை நாட்டம் குறைவு. தனிமனிதப் போக்குள்ள நாடுகளில் அது கூடுதல், நிச்சயமின்மையைத் தவிர்க்கும் நாடுகளில் குறைவு. டெல்லிஸ் குழுவினரின் 2003 ஆய்வில், ஐரோப்பாவில் ஒரு புதுச் சாதனத்தின் விற்பனை வேகம் பிடிக்கச் சராசரியாக 6 ஆண்டுகள் ஆயின. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4, மத்தியதரைக்கடல் நாடுகளில் 7.4. அதே ஆய்வில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: பொழுதுபோக்குச் சாதனங்கள் வெகு சீக்கிரம் பரவின, சமையலறைச் சாதனங்களும் துணி துவைக்கும் சாதனங்களும் பல மடங்கு தாமதமாயின. வீட்டு வேலையில்தான் பழைய தீர்மானங்கள் அடர்ந்து கிடக்கின்றன.

இந்த எண்களை வைத்துத் தனி ஆளை எடைபோடக் கூடாது. அவை நாட்டுச் சராசரிகள். 40 என்ற எண்ணைப் பார்த்து ‘இந்தியர் துணிந்து வாங்குவர்’ என்று நினைத்தால், முன்பணம் தரத் தயங்கியவர்களை விளக்க முடியாது. 92 உள்ள ஜப்பானில் கடை அலமாரிகளில் புதுப் பானங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பொருளின் வகையைப் பொறுத்தும் ஆள் மாறுவார். புதுக் கைபேசி வந்த நாளே வாங்குபவர், சாப்பாட்டில் தெரியாத ஒரு காயைத் தொடாமல் இருக்கலாம். அதனால்தான் கோல்ட்ஸ்மித், ஹோஃபேக்கர் இருவரும் 1991-இல் ஒவ்வொரு துறைக்கும் தனியாக அளக்கும் ஆறு கேள்வி அளவுகோலைத் தந்தார்கள்.

சிறு தொழில் செய்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

‘புதுப் பொருள் பிடிக்குமா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். பாக்கெட் இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். அதை வாங்காத 15 முதல் 20 பேரிடம், ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசுங்கள். முதல் காரணத்தைச் சொன்னதும், ‘அது உங்களுக்கு ஏன் முக்கியம்?’ என்று மெதுவாக அடுத்த படிக்குப் போங்கள். பொருளின் குணத்தில் தொடங்கி, அதன் விளைவுக்கு வந்து, விழுமியத்தில் நிற்கும். நான்கைந்து படிக்கு மேல் ஏறக் கூடாது. அதன்பின் உங்களைத் திருப்திப்படுத்தப் பதில்களை உண்டாக்கத் தொடங்குவார்கள்.

ஒருவர், ‘என்ன போட்டிருக்கிறார்களோ தெரியாது’ என்பார். இன்னும் கேட்டால், ‘பிள்ளைகள் சாப்பிடுவது’ என்பதில் போய் நிற்பார். இவருக்குத் தேவை அரைத்த தேதி, சேர்த்த பொருள்களின் முழுப் பட்டியல், முடிந்தால் நேரில் பார்க்கத் திறந்த அரவை இடம். இரண்டாமவர், ‘மாமியார் என்ன நினைப்பார்’ என்பதில் நிற்பார். அவரிடம் ‘நேரம் மிச்சம்’ என்று விளம்பரம் செய்தால் காயத்தில் கை வைப்பது போலாகும். விருந்தினர் திடீரென வரும் நாளுக்கானது என்று அறிமுகப்படுத்தலாம், அல்லது உப்பும் வெந்தயமும் அவரே சேர்க்கும்படி விடலாம். மூன்றாமவர், ‘என் கை இட்லி மாதிரி வராது’ என்பார். இது கைத்திறன் பெருமை. இவரை மாற்ற முயல்வதைவிட, ஆப்ப மாவு போன்ற அவர் அடிக்கடி செய்யாத ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. மூன்று பேரும் சொன்ன வார்த்தை ‘வேண்டாம்’ ஒன்றுதான்.

வெளிப்படையாகப் பேசமாட்டார்கள் என்று தோன்றினால் ஹேரின் முறையை நீங்களே செய்யலாம். ஏழு பொருள்கள் கொண்ட இரண்டு பட்டியல்கள், ஒரே ஒரு பொருள் வேறு, பட்டியலுக்கு 50 பேர். ஒருவர் ஒரு பட்டியலைத்தான் பார்க்க வேண்டும், இரண்டையும் பார்த்தால் நோக்கம் புரிந்துவிடும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். 24 பேர், 2 பேர் என்று வந்தால் அது உண்மையான வேறுபாடு. 14, 10 என்று வந்தால் தற்செயலாகவும் இருக்கலாம், அதை நம்பிப் பணம் போடாதீர்கள். ஊர் மாறினாலும் தலைமுறை மாறினாலும் மறுபடி செய்ய வேண்டும். ஹேரின் சோதனையை வேறு ஆய்வாளர்கள் 1968-இல் திரும்பச் செய்தபோது, அந்தச் சோம்பேறிப் பட்டம் காணாமல் போயிருந்தது.

இன்னொரு பொதுவான தவறு, ஒரே ஆளிடம் கேட்பது. வீட்டில் பணம் தருபவர், முடிவெடுப்பவர், பயன்படுத்துபவர் மூவரும் வேறுவேறாக இருக்கலாம். விறகடுப்புக்குப் பதில் எரிவாயு வந்த வீடுகளில் இது நன்றாகத் தெரியும். இணைப்பு வந்துவிடும், சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி நிரப்பும் பணம் வேறொருவர் கையில் இருக்கும். விறகில் வெந்தால்தான் ருசி என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும் வீட்டை, கணக்கேடு மாறிய வீடாகக் காட்டும்.

ஆகவே முதல் விற்பனையை மட்டும் எண்ணாதீர்கள். மாவு போன்ற பொருளுக்கு, முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வருகிறார்கள் என்று குறித்துவையுங்கள். நிறையப் பேர் வாங்கி, சிலர் மட்டும் திரும்பினால், கோளாறு பொருளில் இருக்கிறது: புளிப்பு, கெட்டித்தன்மை, அளவு ஆகியவற்றைப் பாருங்கள். சிலரே வாங்கி, அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தால், பொருள் சரியாகவே இருக்கிறது. தயக்கம் வாசலில் நிற்கிறது. அப்போது விலையைக் குறைப்பதைவிட, நான்கு இட்லிக்குப் போதுமான சிறிய பாக்கெட்டைக் கொண்டுவருவது கூடுதல் பலன் தரும்.